ஸ்பேர் இல்லையா? அளவு எடுங்க பாஸ்!

ஒரு குட்டி க்விஸ். உங்க ஹாஸ்டல் ரூம்ல 'கடக்.. கடக்..'னு சுத்துற சீலிங் ஃபேனுக்கும், மலையில மரம் அறுக்கிற மிஷினுக்கும் என்ன சொந்தம்? செல்போனைத் தொடாம யோசிங்க!

விடை: 6202. நிறைய ஃபேன்களுக்குள்ள இருக்கிற பேரிங்கோட நம்பர் அது. நிறைய செயின்சாக்கள்ல கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்குறதும் அதே 6202தான். உள்விட்டம் 15 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 35, அகலம் 11. ஜப்பான்ல செஞ்சாலும் சரி, ஜாம்நகர்ல செஞ்சாலும் சரி, இந்த மூணு அளவும் மாறாது. பரீட்சையில இது ரெண்டு மார்க் கேள்வி. மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்துடுவோம். கரியாலூர்ல என் சித்தப்பாவுக்கு இது ஒரு வருஷ சம்பாத்தியம்.

கரியாலூர் எங்கன்னு கேட்கிறீங்களா? கள்ளக்குறிச்சியில பஸ் ஏறி, கச்சிராயபாளையம், கோமுகி அணை எல்லாம் தாண்டி, வளைஞ்சு வளைஞ்சு கல்வராயன் மலை ஏறினா, வெள்ளிமலைக்குப் போற வழியில வரும். டூரிஸ்ட்டுகளுக்கு அது படகுச் சவாரி, அருவி, குளுகுளு காத்து. ஊர்க்காரங்களுக்கு மரவள்ளி, கடுக்காய், அப்புறம் எப்போ மரம் சாயும்னு தெரியாத அந்த ரோடு.

சித்தப்பா பிழைப்பு மரம் அறுக்கிறது. கீழே சமவெளியில தைலமரம், சவுக்குத் தோப்புல கான்ட்ராக்ட். மேல பட்டா நிலத்துல விழுந்த மரம். (காப்புக்காட்டுல கை வைக்கிற கதைன்னு நினைச்சுடாதீங்க. அங்க அனுமதியில்லாம வெட்டினா நேரா கேஸ்தான்.) காத்து மழைக்கு மலைரோட்டுல மரம் விழுந்துச்சுன்னா முதல் போன் அவருக்குத்தான் வரும். அந்தப் பக்கம் 108 நிக்கும், இந்தப் பக்கம் பிரசவ வலியோட ஒரு பொண்ணு இருக்கும். நடுவுல நாலு ஆள் கட்டிப்பிடிக்கிற மரம். கோடாலியால வெட்டினா அரை நாள். மிஷின் இருந்தா அரை மணி நேரம். 2018 நவம்பர்ல கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டப்போ, சாஞ்சு கிடந்த தென்னைகளை அறுத்து வழி எடுக்க, மிஷின் வச்சிருந்தவங்களைத்தான் ஊர் ஊரா தேடினாங்க.

அப்படிப்பட்ட மிஷின் படுத்துடுச்சு. அதுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி. செஞ்ச கம்பெனி அந்த மாடலை எப்பவோ நிறுத்தியாச்சு. கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம்னு சித்தப்பா ஏறி இறங்காத கடை இல்ல. எல்லா இடத்துலயும் ஒரே டயலாக்: "அந்த மாடலுக்கு ஸ்பேர் வராதுங்க. புதுசு வாங்கிடுங்க."

புதுசுக்குக் கையில காசு வேணுமே! கடன் வாங்கினா வட்டிக்கு வேற மரம் அறுக்கணும். "ஏம்ப்பா, நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற?"ன்னு சித்தப்பா சாதாரணமாத்தான் கேட்டார். மூணாம் வருஷ மாணவனுக்கு இதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது, தெரியுமா?

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயம். கடையில போய் "இந்த மாடலுக்கு இந்த ஸ்பேர் இருக்கா?"ன்னு கேட்டா "இல்லை"ன்னுதான் வரும். ஏன்னா மாடல்ங்கிறது கம்பெனி வச்ச பேர். அந்தப் பேர் செத்தாச்சு. ஆனா உள்ள இருக்கிற சாமான்ல பாதிக்கு மேல அந்தக் கம்பெனி செஞ்சதே இல்ல. பேரிங் ஒருத்தர், ஆயில் சீல் ஒருத்தர், பிளக் ஒருத்தர், கார்புரேட்டர் இன்னொருத்தர். அவங்க எல்லாருக்கும் பேர் முக்கியமில்ல, அளவுதான் முக்கியம். ஒரு வெர்னியர் காலிபர் எடுத்துக்கிட்டு உட்காருங்க, பாதி ஸ்பேர் பக்கத்துத் தெருவுலயே கிடைக்கும்.

அதுக்கு முன்னாடி நோய் என்னன்னு தெரியணும். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு மூணு விஷயம் இருந்தா போதும்: நெருப்புப் பொறி, பெட்ரோல், அழுத்தம். ஆர்.எக்ஸ்.100, டி.வி.எஸ். 50 ஓட்டின அப்பா, மாமா யாராவது வீட்டுல இருந்தா அவங்களே பாடம் எடுப்பாங்க. பிளக்கைக் கழட்டிப் பார்த்தோம். பொறி வருது. (பழைய பாயின்ட், கண்டென்சர் வகை. ராஜ்தூத் காலத்து மெக்கானிக் ஒருத்தர் பாயின்ட்டைத் தேய்ச்சு, இடைவெளி வச்சு, அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டார்.) அழுத்தமும் இருக்கு. ஸ்டார்ட்டும் ஆகுது. ஆனா ஆக்சிலேட்டரைத் தொடாமலே 'ங்ஙொய்ய்ய்'னு கத்துது. சூடானதும் பட்டுனு நின்னுடுது.

இது காத்து லீக்கோட அடையாளம். பைக்கோட ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் மாதிரி இதுல தனியா ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோல்ல கலந்து வர்ற ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். எங்கயாவது ஒரு ஓட்டை வழியா வெறும் காத்து உள்ள போனா, கலவையில பெட்ரோல் குறையும், கூடவே ஆயிலும் குறையும், சூடு ஏறும். அப்படியே ஓட்டினா பிஸ்டன் சிலிண்டரோட ஒட்டிக்கும். அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. அதனால "ஸ்டார்ட் ஆகுதே, ஓட்டிப் பார்ப்போம்"னு யாராவது சொன்னா கையைப் பிடிச்சுத் தடுங்க.

லீக் எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கம்பெனி சர்வீஸ்ல பிரஷர் பம்ப் வச்சிருப்பாங்க. எங்ககிட்ட இருந்தது பாட்டியோட பழைய பி.பி. மிஷின்! சிரிக்காதீங்க. அமுக்குற பல்பு இருக்கு, மீட்டர் இருக்கு, வேறென்ன வேணும்? சைலன்சர் வாயை சைக்கிள் டியூப் துண்டு வச்சு அடைச்சோம். கார்புரேட்டரைக் கழட்டிட்டு அந்த வாயையும் அடைச்சோம். கிராங்க் கேஸ்லேர்ந்து கார்புரேட்டருக்குப் போற சின்ன ட்யூப் வழியா, மீட்டர் 250 காட்டுற வரைக்கும் காத்தை அமுக்கினோம். முள் சர்ருனு இறங்குச்சு. அப்புறம் பஞ்சர் கடை டெக்னிக்: சோப்புத் தண்ணி. ரெண்டு இடத்துல முட்டை விட்டுச்சு. ஒண்ணு, கிளட்ச் பக்கம் ஆயில் சீல். இன்னொண்ணு, கார்புரேட்டரை சிலிண்டரோட இணைக்கிற ரப்பர் குழாய்.

ஆயில் சீல் ஈசி. ஷாஃப்ட் விட்டம், உட்காருற குழியோட விட்டம், தடிமன். மூணு நம்பரைத் துண்டுச் சீட்டுல எழுதிக் கடையில நீட்டினேன். எந்த மிஷினுக்குன்னு அவர் கேட்கவே இல்ல. அதே மிஷினுக்கு "வராதுங்க"ன்னு சொன்ன கடையிலேர்ந்து நாலாவது கடை அது!

சீல் மாத்தும்போது பேரிங்கும் கரகரன்னுது. நம்பர் பார்த்தா 6202. சித்தப்பா மேல ஓடுற ஃபேனை ஒரு பார்வை பார்த்தார். "இதைக் கழட்டிப் போட்டா என்னப்பா?" நியாயமான கேள்வி. அளவு சரியா உட்காரும். ஆனா ஃபேன் நிமிஷத்துக்கு முன்னூத்திச் சொச்சம் சுத்து சுத்துது. செயின்சா பத்தாயிரத்தைத் தாண்டும். அந்தச் சூட்டுல இரும்பு விரியுறதுக்கு உள்ள கொஞ்சம் கூடுதல் இடைவெளி வேணும். அதுக்கு 'சி3'ன்னு தனிக் குறி உண்டு. இன்னொண்ணு, ஃபேன் பேரிங் ரெண்டு பக்கமும் மூடி போட்டு கிரீஸ் அடைச்சது. நமக்கு மூடியில்லாதது வேணும். பெட்ரோலோட வர்ற ஆயில் உள்ள போகணுமே! அளவு மட்டும் போதாது, அது என்ன வேலை பார்க்குதுன்னும் தெரியணும். ஃபேன் தப்பிச்சுது.

கஷ்டமானது அந்த ரப்பர் குழாய்தான். அது அந்தக் கம்பெனி அந்த மாடலுக்குன்னே வார்த்தது. எந்தக் கடையிலயும் அளவு சொல்லி வாங்க முடியாது. சிலிகான் பேஸ்ட் பூசினா போதும்னு ஒருத்தர் சொன்னார். சாதா சிலிகான் பெட்ரோல்ல ஊறி உப்பிப் பிய்ஞ்சு வந்துடும். சைக்கிள் டியூபும் அப்படித்தான். சோதனைக்கு ஓகே, ஓட்டறதுக்கு ஆகாது. கடைசியில பெட்ரோல் தாங்குற நைட்ரைல் ரப்பர் ஹோஸ், உள்ள நூல் பின்னினது, அதே உள்விட்டத்துல கிடைச்சுது. பழசோட நீளத்துக்கு அரை மில்லி பிசகாம வெட்டி, ரெண்டு பக்கமும் கிளாம்ப். அதுக்கு அந்தப் பக்கம் உதடு சரியா உட்காரலை. லேத் பட்டறை அண்ணன் ஒரு அலுமினிய வளையம் கடைஞ்சு கொடுத்தார். டிராயிங் போட்டு எடுத்துட்டுப் போனேன். டாலரன்ஸ் எல்லாம் போட்டு! அவர் அதைத் திருப்பிப் போட்டு டீ கிளாஸ் வச்சுக்கிட்டு, பழைய குழாயைக் கையில வாங்கிப் பார்த்து அப்படியே கடைஞ்சார். கச்சிதமா உட்கார்ந்துச்சு. மறுபடி பி.பி. மிஷின். முள் அசையலை.

கார்புரேட்டர் சங்கதி இன்னும் சுவாரஸ்யம். பைக்ல இருக்கிற மாதிரி இதுல மிதவை கிடையாது. மரத்துல ஏறி மிஷினைத் தலைகீழாப் பிடிச்சாலும் ஓடணுமே! அதனால மெல்லிசா ஒரு டயஃப்ரம் இருக்கும். அது விறைச்சுப் போச்சுன்னா பெட்ரோல் வராது. அதுக்கும் மாடல் பேரைக் கேட்காதீங்க. கார்புரேட்டர் உடம்புலயே அதைச் செஞ்ச கம்பெனி பேரும் நம்பரும் பொறிச்சிருக்கும். வால்ப்ரோ, ஜாமா, டில்லாட்சன்னு உலகத்துல பெரிய கம்பெனிகள் கொஞ்சம்தான். அந்த நம்பருக்கு கிட் தனியா கிடைக்கும். எங்களுக்கும் வந்துச்சு.

ஆனா டயஃப்ரம் ஏன் விறைக்குது? வயசு ஒரு காரணம். பெட்ரோல் இன்னொரு காரணம். 2022-ல் நம்ம பெட்ரோல்ல 10 சதவீதம் எத்தனால், 2025-ல் 20 சதவீதம். எத்தனால் பழைய ரப்பருக்கு ஆகாது. காத்துல இருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கும். தினமும் ஓடுற பைக்குக்குத் தெரியாது. மழைக்காலத்துல மாசக்கணக்கா மூலையில கிடக்கிற மிஷினுக்குத் தெரியும். அதனால வேலை முடிஞ்சா டேங்க்கைக் காலி பண்ணிட்டு, கார்புரேட்டர்ல மிச்சம் இருக்கிறதும் தீர்ந்து தானா நிக்கிற வரைக்கும் ஓட விடணும். கலவையும் அன்னன்னைக்கு. இந்தப் பழைய மிஷினுக்கு லிட்டருக்கு 40 மில்லி ஆயில்.

எல்லாத்தையும் அளவெடுத்துச் சமாளிச்சுடலாமான்னா, அதுவும் இல்ல. சிலிண்டர் போயிருந்தா நாங்க தோத்திருப்போம். ஆர்.எக்ஸ்.100 சிலிண்டர்ல இரும்பு லைனர் இருக்கும், போரிங் போட்டுக் கொஞ்சம் பெரிய பிஸ்டன் போடலாம். பெரும்பாலான செயின்சா சிலிண்டர் அலுமினியம். உள்பக்கம் குரோமோ நிக்கலோ மெல்லிசா முலாம் பூசியிருக்கும். கடைஞ்சா முலாம் போயிடும். அது போனா பட்டறை ஒண்ணும் பண்ண முடியாது.

செயின்ல விளையாட்டே கூடாது. அதுக்கும் மூணு நம்பர்தான். அடுத்தடுத்த மூணு ரிவெட்டுக்கு நடுவுல உள்ள தூரத்தை ரெண்டால வகுத்தா பிட்ச். பாரோட பள்ளத்துல ஓடுற பல்லோட தடிமன் கேஜ். அந்தப் பற்களோட எண்ணிக்கை. மூணும் பொருந்தினா எந்தக் கம்பெனி செயினும் ஓகே. (இந்தச் செயின் பல்லுக்கே ஒரு கதை உண்டு. 1946-ல் அமெரிக்காவுல ஜோசப் காக்ஸ்னு ஒரு மரம் வெட்டி, மரத்தைக் குடையுற வண்டோட புழு வாயை இடவலமா அசைச்சுத் தின்னுறதைப் பார்த்து வடிவமைச்சதாம். இன்னிக்கும் கிட்டத்தட்ட அதே வடிவம்தான்.) மூணுல ஒண்ணு பொருந்தலைன்னாலும் "தட்டி உள்ள விடு" வேலை வேண்டவே வேண்டாம். அறுந்த செயின் உங்க பக்கம்தான் வரும்.

என் மனசுல இன்னும் உறுத்துறது பிரேக். பார் நுனியோட மேல்பக்கம் மரத்துல பட்டா மிஷின் எகிறி முகத்துக்கு வரும். அந்த நொடியில செயினை நிறுத்துற பிரேக் 1970கள்ல வந்துடுச்சு. சித்தப்பா மிஷின்ல அது இல்லவே இல்ல. அதை அளவெடுத்துச் செஞ்சு மாட்ட முடியாது, மாட்டவும் கூடாது. ஓட வச்சுக் கொடுத்தது நல்லதா கெட்டதான்னு எனக்கு இன்னும் சந்தேகம்தான். மரத்துல ஏறி அறுக்க மாட்டேன், பார் நுனியால அறுக்க மாட்டேன்னு சொல்லியிருக்கார். கூலி சேர்த்து பிரேக் வச்ச மிஷின் வாங்குற வரைக்கும்தான் இதுன்னும் சொல்லியிருக்கார். ரெண்டாவதை நம்புறேன். முதலாவதை சித்தியைக் கண்காணிக்கச் சொல்லியிருக்கேன்.

2022 ஜூலையில மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்குன்னு ஒரு குழு போட்டுச்சு. முதல்ல எடுத்துக்கிட்ட நாலு துறைகள்ல விவசாயக் கருவியும் ஒண்ணு. அதே வருஷம் டிசம்பர்ல கம்பெனிகள் சர்வீஸ், ஸ்பேர் விவரம் போட ஒரு இணையதளமும் வந்துச்சு. நல்ல விஷயம். என்னைக் கேட்டா, ஒரு மாடலை நிறுத்தும்போது ஸ்பேர் தர முடியலைன்னா பரவாயில்ல, அளவையாவது வெளியில சொல்லிட்டுப் போங்க. சீல் நம்பர், பேரிங் நம்பர், ரப்பர் குழாயோட டிராயிங். ஒரு பக்கத்துல அடங்கிடும். மிச்சத்தை லேத் அண்ணன் பார்த்துப்பார்.

கம்பெனி சொல்லாததை நாங்களே எழுதி வச்சோம். ஸ்டார்ட்டர் மூடியோட உள்பக்கம், வெள்ளை பெயின்ட்ல, சின்ன பிரஷ்ஷால எல்லா அளவும். முடிச்சதும் சித்தப்பா, "கீழே ஒரு போன் நம்பர் எழுதுப்பா"ன்னார். பெருமையா என் நம்பரோட முதல் ரெண்டு இலக்கத்தை எழுதிட்டேன்.

"உன்னுது இல்லப்பா. லேத்துக்காரருது."