காதல் நவீனங்களும் நம் இல்லத்துப் பெண்களும்

காதல் கதை படிக்கும் பெண்ணைக் கண்டால் நம் குடும்பங்களில் இன்றும் ஓர் அச்சம் எழுகிறது. அடுப்பில் பால் பொங்கி வழிவதும் அறியாமல் புத்தகத்தில் ஆழ்ந்திருக்கும் மகளைப் பார்த்து, "இந்தக் கதைகள் பிள்ளையைக் கெடுத்துவிடும்" என்று தாய் கலங்குகிறாள். கெடுக்குமா, வளர்க்குமா என்பது அவள் எதைப் படிக்கிறாள், எப்படிப் படிக்கிறாள் என்பதைப் பொறுத்தது. காதல் நவீனம் வேண்டுமா, வேண்டாமா என்று வழக்காடுவதைவிட, நல்லதை இனங்காணக் கற்பிப்பதே பெரியவர்களின் கடமை என்பது என் துணிபு.

கோவைக் கோட்டைமேட்டில் நாங்கள் வளர்ந்த காலத்தில் ராணிமுத்து, மாலைமதி போன்ற மாத நாவல்கள் கை மாறிக் கை மாறி, அட்டை கிழிந்து எங்கள் தெருவுக்கு வந்து சேரும். ஒரு புத்தகத்தை ஏழு வீட்டுப் பெண்கள் படிப்போம். ரமணிசந்திரனின் கதை என்றால் எட்டாவது வீட்டிலிருந்தும் ஆள் வரும். அவர் எழுத்தில் ஆபாசம் இராது. கதாநாயகி தன்மானம் உடையவளாக இருப்பாள். முடிவு மங்கலமாக அமையும். தாய்மார் அஞ்சாமல் மகளிடம் கொடுக்கத்தக்க கதைகள் என்ற நற்பெயர் அவற்றுக்கு உண்டு. இன்று அதே வாசகப் பெருங்கூட்டம் கைப்பேசியில் அத்தியாயம் அத்தியாயமாகப் படித்துக்கொண்டிருக்கிறது.

என் தங்கையின் மகளும் அக்கூட்டத்தில் ஒருத்தி. பஞ்சாலை ஒன்றில் கணக்கெழுதும் அவள், ஞாயிறுதோறும் என்னிடம் வந்து அந்த வாரம் படித்த கதைகளைச் சொல்வாள். செல்வந்தனான நாயகன் பணமில்லாத நாயகியை அவமதிக்கிறான், அதட்டுகிறான், அவள் விருப்பத்தைக் கேளாமலே மணமும் முடிக்கிறான். கடைசி அத்தியாயத்தில் அத்தனையும் காதலால் செய்தவை என்று தெரியவருகிறது. இப்படி மூன்று கதைகளை அடுத்தடுத்துச் சொன்னாள்.

"கோபக்காரன்தான் பெரியம்மா. ஆனால், உள்ளே அவ்வளவு அன்பு!"

"அந்த அன்பு வெளியே தெரிய முந்நூறு பக்கம் இவள் அழவேண்டுமா, அம்மா?" என்று கேட்டேன். சிரித்தாள், பிறகு சிந்தனையில் ஆழ்ந்தாள்.

இந்தச் செருக்குள்ள நாயகன் தமிழில் பிறந்தவன் அல்லன். ஆங்கிலத்தில் ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைடு அண்டு பிரெஜுடிஸ்' நவீனத்தில் வரும் டார்சியை அவனுடைய மூதாதை எனலாம். ஆனால், இருவருக்குமிடையே பெரிய வேற்றுமை ஒன்றுண்டு. டார்சி முதன்முறை மணம் பேசும்போது எலிசபெத் மறுத்துவிடுகிறாள். அந்த மறுப்பு அவனைச் சிந்திக்க வைக்கிறது, அவன் திருந்துகிறான், திருந்திய பின்னரே அவள் இசைகிறாள். மலிவான கதைகளிலோ அவன் மாறுவதில்லை. அவன் கொடுமையை அன்பென்று புரிந்துகொள்ளும்படி அவள்தான் மாற்றப்படுகிறாள். ஆகவே, எந்தக் காதல் கதையைப் படித்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்குமாறு மகளுக்குச் சொன்னேன். இந்தப் பெண்ணுக்கு 'இல்லை' என்று சொல்ல இடமிருக்கிறதா? சொன்னால் அது மதிக்கப்படுகிறதா?

பிறகு, அடுத்துப் படிக்க என்ன தரலாம் என்று என் அலமாரியைத் துழாவினேன். முதலில் அவளுக்கு நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தை அறிமுகப்படுத்தினேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு நின்றுபோன அந்த அம்மையார், 'காதலா கடமையா' என்ற நவீனத்தை 1938இல் வெளியிட்டார். தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரே பாராட்டிய நூல் அது. முஸ்லிம் பெண் கதை எழுதுவதா என்று ஊர் வியந்த நாளில், தலைப்பிலேயே காதலை வைத்து எழுதிய துணிவை நம் பெண்கள் அறியவேண்டும்.

அடுத்து வைக்கம் முகம்மது பஷீர். உக்கடத்தில் பேருந்து ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் கேரள மண்ணின் எழுத்தாளர் அவர். 1944இல் வெளிவந்த 'பால்யகால சகி' மஜீது, சுகறா என்ற இருவரின் கதை. அவர்களைப் பிரிப்பவன் வில்லன் அல்லன், வறுமை. பிழைப்புத் தேடிப் போன மஜீது ஒரு காலை இழந்து, உணவு விடுதியில் எச்சில் பாத்திரம் கழுவுகிறான். அன்பு மட்டும் சோறு போடாது என்பதை இதைவிட உருக்கமாகச் சொன்ன கதை வேறொன்றை நான் அறியேன். அவருடைய 'மதில்கள்' இன்னும் வியப்பானது. சிறைச் சுவரின் இருபுறமும் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே இருவர் அன்பு கொள்கிறார்கள். அழகும் செல்வமும் இல்லாமல், பேச்சும் செவிமடுப்பும் மட்டுமே காதலாகின்றன. நம் கோவையில் பிறந்த கவிஞர் சுகுமாரன் அதைத் தமிழாக்கியிருக்கிறார்.

நம் கொங்கு மண்ணின் கதைகளும் உண்டு. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வெளிவந்தது. கைம்பெண் ஒருத்தியின் ஆசையும் காணி நிலத்தின் பங்கும் பின்னிக்கொண்டு ஒரு குடும்பத்தை எப்படி எரிக்கின்றன என்பதை அது காட்டுகிறது. பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2013இல் வந்தது. சாதி மாறி மணந்த குமரேசனும் சரோஜாவும் ஊர் திரும்புகிறார்கள். ஊர் அவர்களை ஏற்கவில்லை. மணத்தோடு முடியும் கதைகளையே படித்துப் பழகியவளுக்கு, மணத்துக்குப் பிறகு தொடங்கும் இந்தக் கதை கடினமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை என்று தங்கை என்னைக் கடிந்துகொண்டாள்.

இவ்வேளையில்தான் அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், சொந்தத் தொழில், எல்லாருக்கும் மகிழ்ச்சி. தான் தொடர்ந்து வேலைக்குச் செல்லலாமா என்று பெண் கேட்டனுப்பினாள். "அதெல்லாம் வந்த பிறகு நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று விடை வந்தது. அவள் தன் அத்தாவின் முன் அமர்ந்து, "எனக்கு இதில் இஷ்டமில்லை அத்தா" என்று மெல்லச் சொன்னாள். "எல்லாம் அந்தக் கதைப் புத்தகங்கள் செய்த வேலை" என்று தங்கை பொருமினாள். என் மைத்துனர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நிக்காஹ்வில் பெண்ணிடம் சம்மதம் கேட்கச் சொல்வது எதற்காக? அவள் இல்லையென்றும் சொல்லலாம் என்பதால்தானே!" என்று கூறி, மாப்பிள்ளை வீட்டாருக்கு மரியாதையோடு மறுமொழி அனுப்பினார்.

அந்தச் சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. 'இல்லை' என்று சொல்ல முடியாதவளின் 'ஆம்' சம்மதமாகாது. அது வெறும் அடக்கம். இதை நம் மார்க்கம் என்றோ சொல்லிவிட்டது. நல்ல நவீனங்களும் இதையே கதையாகச் சொல்கின்றன. ஆதலால், மகளின் தலையணைக்கடியில் காதல் கதை கிடைத்தால் பறித்து ஒளிக்காதீர்கள். நீங்களும் அதைப் படியுங்கள். நாயகன் நல்லவனா என்று அவளிடம் கேளுங்கள். அவள் சொல்லும் விடையில், தன் வாழ்வுக்கு அவள் எதை வேண்டுகிறாள் என்பது உங்களுக்குத் தெரியவரும்.