குரல் எட்டிய தூரம்

மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒருவன் ஐரோப்பியரின் இசை நாடகத்தைப் பற்றி எழுதுகிறானே என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளியுங்கள், ஆனால் முழுவதையும் படித்து முடித்துவிட்டுச் சுளியுங்கள்.

மரக்காணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் நான் வசிக்கிறேன். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் பக்கிங்காம் கால்வாயும் அதைச் சூழ்ந்த உப்பளங்களும். என் மனைவியின் அண்ணன் காரைக்காலைச் சேர்ந்தவர். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுப் பாரிஸ் பக்கம் குடியேறிய நம் குடும்பங்களை நீங்கள் அறிவீர்கள், அவரும் அப்படிப்பட்டவர்தான். 2019ஆம் ஆண்டு மழைக்காலத்தில் விடுமுறைக்கு வந்திருந்தபோது, திண்ணையில் அமர்ந்து தம் கைபேசியை என் பக்கம் நீட்டினார்.

"மச்சான், நீங்கள் கல்லூரியில் வரலாறு படித்தவர். நம் கடலின் முத்துக்குளிப்பை பிரெஞ்சுக்காரன் பாட்டாகவே பாடி வைத்திருக்கிறான். கேளுங்கள்."

கேட்டேன். உண்மையைச் சொல்வதென்றால், யாரோ ஒருவருடைய கழுத்தைப் பிடித்து நெரிப்பது போலிருந்தது. என் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

ஓப்பரா என்பது, உரையாடலையும் பெரும்பாலும் பாட்டாகவே பாடி நடிக்கும் நாடகம். மச்சான் கேட்கச் சொன்னது 'முத்துக்குளிப்போர்' என்ற ஓப்பரா. ஜார்ஜ் பிஸே என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அதை ஆக்கியபோது அவருக்கு வயது 24. 1863 செப்டம்பர் 30ஆம் நாள் பாரிஸில் அரங்கேறியது. 18 முறை நடிக்கப்பட்டதோடு நின்றுவிட்டது. 1875இல் தம் 36ஆம் வயதில் அவர் இறக்கும்வரை அது மீண்டும் பாரிஸ் மேடையைக் காணவில்லை. இன்றோ உலகெங்கும் பாடுகிறார்கள்.

கதை நடக்கும் இடம் இலங்கைக் கடற்கரை. எழுதியவர்கள் முதலில் மெக்சிகோவில்தான் கதையை வைத்திருந்தார்களாம். பிறகு இலங்கைக்கு மாற்றிக்கொண்டார்கள். மாற்றியவர்கள் சற்று விசாரித்திருக்கலாம். பிரம்மனை வணங்கும் அந்த மக்களின் பெயர்களைக் கேளுங்கள்: நாதிர், லைலா, நூராபாத்! தலைமைப் பூசாரிக்கு நூராபாத் என்று பெயர் வைத்த ஊரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் மன்னார் வளைகுடாவில் மெய்யாகவே மூழ்கியவர்களில் பரதவர்களோடு கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் இருந்தார்கள். காலில் கல்லைக் கட்டி இறங்கி, ஒரு நிமிடம் அளவுக்கு மூச்சடக்கிச் சிப்பி அள்ளியவர்கள் அவர்கள். 1344இல் இலங்கைக்குப் போன இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியிடம் முத்துகளைக் கண்டதைத் தம் பயண நூலில் குறித்திருக்கிறார். கரையில் நின்று சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் 'கடற்கட்டி' என்பவரும் இருந்தார். அவர் வராமல் நீரில் இறங்கப் பலர் மறுத்ததால் ஆங்கிலேய அரசே அவரை அமர்த்திப் படி கொடுத்தது. நாடகத்திலும் குளிப்போரைக் காக்கப் பாறைமேல் நின்று பாட ஒரு கன்னிப்பெண் வருகிறாள். முகத்திரை அணிந்தவள்; திரையை விலக்கலாகாது என்பது அவளுக்கு இட்ட நிபந்தனை. அவள்தான் லைலா.

நாதிரும் ஸுர்காவும் நண்பர்கள். முன்பொரு நாள் இருவரும் ஒரே பெண்ணை விரும்பி, நட்பு கெடக்கூடாதென்று இருவருமே அவளை மறந்துவிட உறுதி பூண்டவர்கள். திரைக்குள் வந்து நிற்பவள் அவளே. முகம் தெரியவில்லை. குரலைக் கேட்டதுமே நாதிர் அறிந்துகொள்கிறான். இரவில் தனியே நின்று, என்றோ கேட்ட அந்தக் குரல் இன்னும் தன் காதில் விழுவதாக மெல்லப் பாடுகிறான். பிறகு பிடிபடுவதும், மரண தண்டனையும், ஸுர்கா தன் குடியிருப்புக்கே தீ வைத்து இருவரையும் தப்புவிப்பதும் நாடகத்துக்கே உரிய அமளி. அதில் எனக்கு அவ்வளவு ஈடுபாடில்லை.

மச்சான் ஊர் திரும்பியபின், பதிவு என் கைபேசியில் கிடந்தது. ஒரு நள்ளிரவு உறக்கம் வராமல் அந்த நாதிரின் பாட்டை மட்டும் கேட்டேன். எனக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாது. ஆயினும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கேட்ட குரல் வேறாக இருந்தாலும் என் நினைவில் வந்து நின்றவர் என் அத்தா.

என் அத்தா எங்கள் ஊர்ப் பள்ளியின் மோதினார். ஒலிபெருக்கி வருவதற்கு முன், சுபுஹு பாங்கை அவர் மினாராவின் படியில் நின்று வெறுங்குரலில்தான் சொல்வார். விடியுமுன்னே உப்பு வார இறங்கிய பெண்கள் கால்வாய்க்கு அப்பாலிருந்து அதைக் கேட்டு, நேரம் அறிந்துகொள்வார்கள். பொழுது புலருமுன் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேல்காற்று வெதுவெதுப்பாகவும் இருப்பதால், மேலே செல்லும் ஒலி வளைந்து கீழே இறங்கி நெடுந்தூரம் போகும் என்று பிற்பாடு படித்தேன். அத்தா அதைப் படித்ததில்லை. எந்தப் பக்கம் முகம் திருப்ப வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதை மட்டும் அறிந்திருந்தார்.

அந்தக் குரலைக் குறித்து எனக்கு வெட்கம் இருந்தது. கழுத்து நரம்பு புடைக்க அவர் நிற்பதைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் என்னிடமே நடித்துக் காட்டுவார்கள். எனக்குப் 11 வயதானபோது பள்ளிக்கு ஒலிபெருக்கி வாங்கினார்கள். ஊரிலேயே அதிகம் மகிழ்ந்தவன் நான்தான். முதல் நாள் அத்தா வழக்கம்போல் குரலெடுக்க, கருவி கீச்சிட்டு அலறியது. "மெதுவாகச் சொல்லுங்கள் பாய்" என்றார்கள். மெதுவாகச் சொல்லக் கற்றுக்கொண்டார். சில மாதங்கள் கழித்து உப்பளத்து அம்மாள் ஒருவர் எங்கள் வாசலில் நின்று, "என்ன பாய், இப்போதெல்லாம் பெட்டிதான் கூப்பிடுகிறது, உங்களைக் காணோமே" என்றார். அத்தா சிரித்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

2004இல் அவர் மவுத்தானார். அவருடைய பாங்கின் பதிவு ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

ஓப்பராப் பாடகர்கள் ஒலிவாங்கி இல்லாமல் பாடுகிறார்கள் என்பதை அதன்பின்தான் அறிந்தேன். கீழே அறுபது எழுபது வாத்தியங்கள் முழங்க, கடைசி வரிசையில் இருப்பவர் காதிலும் ஒற்றைக் குரல் போய்ச் சேர வேண்டும். எப்படி முடிகிறது? வெறும் கத்தலால் முடியாது. வாத்தியங்களின் வலிமை கனத்த ஒலிகளில் குவிந்து, மேலே போகப் போகக் குறைந்துவிடுகிறது. பயின்ற ஆண் பாடகர் தொண்டையின் அடிப்பகுதியை விரித்து, நொடிக்கு ஏறத்தாழ 3,000 அதிர்வுகள் உள்ள இடத்தில் தம் குரலின் வலுவைச் சேர்த்துவிடுகிறார். அங்கே வாத்தியங்களின் போட்டி குறைவு; நம் காது கூர்மையாக இருப்பதும் அந்தப் பகுதியில்தான். தஜ்வீத் கற்பிக்கும் எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. எழுத்து பிறக்கும் இடம், நீட்டும் அளவு, நிறுத்தும் இடம் என்று நாள்தோறும் பிள்ளைகளோடு போராடுகிறவன் நான். இறைவசனத்தையும் நாடகப் பாட்டையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். மூச்சும் தொண்டையும் எல்லோருக்கும் ஒன்றே என்றுதான் சொல்கிறேன்.

அதன்பின் ஒவ்வொன்றாய்த் தேடினேன். மொசார்ட் 1782இல் வியன்னாவில் அரங்கேற்றிய ஒரு நாடகத்தில் செலீம் என்ற துருக்கிப் பாஷா வருகிறார். தம்மிடமிருந்து தப்பியோட முயன்று பிடிபட்டவன் தம் பழைய பகைவனின் மகன் என்று தெரிந்தும் மன்னித்து அனுப்புகிறார். எல்லோரும் பாடும் அந்த நாடகத்தில் அவர் மட்டும் பாடுவதே இல்லை; பேசுகிறார். இது அவமதிப்போ என்று முதலில் நினைத்தேன். இப்போது, அவர் பேசத் தொடங்கும்போதெல்லாம் மற்றவர்களின் பாட்டுச் சிறுத்துவிடுவதாகவே படுகிறது. பாக்கு நகரில் 1908 ஜனவரியில் உசேயிர் ஹாஜிபெயோவ் என்ற 22 வயது இளைஞர் லைலா மஜ்னூன் கதையைத் தம் நாட்டு முகாம் இசையில் ஓப்பராவாக்கினார். லைலாவாக ஓர் ஆண்மகன் பாடினார். அதைக் கேட்டபோது என் பிள்ளைகள் சிரிக்கவில்லை.

'ஹஜ்ரத், இது ஆகுமா?' என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. இசை குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் தனிப் பகுதியே ஒதுக்கி ஆராய்ந்திருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. வகுப்பில் நான் இதைப் பேசுவதில்லை, ரமலானில் கேட்பதுமில்லை. என் மனைவிக்கு இன்றும் இது பிடிக்காது. "உங்கள் அத்தாவை நினைக்க வெள்ளைக்காரன் எதற்கு?" என்று ஒருமுறை கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன்.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் கரையைக் கடந்தது. உப்பளங்கள் ஏரியாயின. மின்சாரம் நின்றது, ஒலிபெருக்கியும் நின்றது. பள்ளியில் தங்கியிருந்தவர்களில் பாங்கு சொல்லக்கூடியவன் நான் ஒருவனே. மழை சற்று ஓய்ந்த ஒரு விடியலில் அத்தா நின்ற படியில் ஏறி, அவர் முகம் திருப்பும் பக்கமெல்லாம் திருப்பி, மூச்சு நிறுத்தும் இடமெல்லாம் நிறுத்தி, வெறுங்குரலில் சொன்னேன். முடித்தபோது நெஞ்சு வலித்தது.

தண்ணீர் வடிந்தபின், கால்வாய்க்கு அப்பால் குடியிருக்கும் ஓர் உப்பளத் தொழிலாளியை டீக்கடையில் கண்டேன். புயலின்போது சொன்ன பாங்கு அவர் வீட்டுக்குக் கேட்டதா என்று விசாரித்தேன்.

"அன்றைக்குக் கால்வாய்க்கு இந்தப் பக்கம் உங்கள் பள்ளியோரம்தான் ஒதுங்கியிருந்தோம் ஹஜ்ரத், கேட்டது" என்றார். பிறகு தேநீரை ஆற்றிக்கொண்டே, "அந்தப் பக்கம் வீட்டைப் பார்க்கப் போன என் தம்பிக்குக் கேட்கவில்லையாம்" என்றார்.