கேட்கும் வானொலி

வானொலியை மக்கள் கேட்கின்றனர் என்பது யாவரும் அறிந்தது. வானொலி மக்களைக் கேட்கின்றதா என்பதே எண்ணிப் பார்க்கத்தக்க வினா. தமிழில் 'கேட்டல்' என்னும் சொல் செவிமடுத்தலையும் குறிக்கும், வினவுதலையும் குறிக்கும். வானொலி நேர்காணல் இவ்விரண்டையும் ஒருங்கே வேண்டி நிற்பது. வினவத் தெரிந்து செவிமடுக்கத் தெரியாதவர் நடத்தும் நேர்காணல் விசாரணையாகிவிடும். செவிமடுக்கத் தெரிந்து வினவத் தெரியாதவர் நடத்துவது வெறும் உபசாரமாகிவிடும். நாட்டு நடப்பு, பண்பாடு, அன்றாட வாழ்வு ஆகிய மூன்றையும் பற்றிப் பொது வானொலிகள் நடத்தும் நேர்காணல்களின் பயனை அளக்க, குளுவாங் போன்ற ஒரு தோட்டப்புற நகரமே ஏற்ற களம்.

இக்கலைக்குத் தமிழுலகில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. செய்தித்தாள்கள் நெடுங்காலமாகப் 'பேட்டி' என்று எழுதி வந்தன. தூய தமிழ் நாட்டம் பெருகியபின் 'நேர்காணல்' என்ற சொல் பரவலாயிற்று. ஈழத்தமிழர் 'செவ்வி' என்பர். இம்மூன்றாவது சொல் மிகப் பழமையானது. திருக்குறளின் வெருவந்த செய்யாமை அதிகாரத்தில், எளிதில் காண முடியாத அரசனைப் பற்றிக் கூறுமிடத்து வள்ளுவர் இச்சொல்லை ஆள்கின்றார். அங்கே செவ்வி என்பது ஆள்வோனைக் கண்டு பேசும் வாய்ப்பு. குடிமகன் வாயிலில் காத்து நிற்க, அரசன் மனம் வைத்தால் கிடைப்பது அது. பொது வானொலி இம்முறையைத் தலைகீழாக்க வல்லது. அங்கே காத்திருக்க வேண்டியது ஒலிவாங்கி. பேச வேண்டியவர் குடிமகன். அமைச்சரைச் செவ்வி காண்பது எந்த நிலையத்துக்கும் எளிது. ரப்பர்த் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த ஒருவரைச் செவ்வி காண வேண்டுமாயின் வானொலிதான் அவரைத் தேடிச் செல்ல வேண்டும்.

மலாயாவின் ஒலிபரப்புத் துறை 1946ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது. ரேடியோ மலாயா என்னும் பெயரில் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் அது பேசிற்று. 1948இல் அவசரகாலம் தொடங்கியபின், தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொதுவிடங்களில் வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. மின்சாரம் எட்டாத இடங்களில் மின்கலத்தால் இயங்கிய பெட்டிகளைச் சூழ்ந்து மக்கள் அமர்ந்தனர். மக்கள் கேட்க வேண்டும் என்பதே அன்றைய அரசின் முதல் நோக்கம். மக்களைக் கேட்பது அதற்கு அடுத்தபடிதான். 1959இல் வானொலியின் தலைமையகம் கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது. 1963இல் மலேசியா உருவானபோது அது ரேடியோ மலேசியா ஆயிற்று. அதன் தமிழ் ஒலிபரப்பு பிற்காலத்தில் வானொலி 6 என்றும், 2005 முதல் மின்னல் பண்பலை என்றும் பெயர் பெற்றது. நாவலாசிரியரும் திறனாய்வாளருமான ரெ. கார்த்திகேசு இவ்வானொலியில் பணியாற்றியபின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மக்கள் தகவல் சாதனத் துறையைக் கற்பித்தவர். ஒலிபரப்பும் இலக்கியமும் இந்நாட்டில் நெருங்கிய உறவினவாக வளர்ந்தன என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இனிக் குளுவாங்கை நோக்குவோம். ஜோகூர் மாநிலத்தின் நடுவில், குனோங் லம்பாக் மலையின் அருகில் அமைந்தது இவ்வூர். பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே இதன் பெயராயிற்று என்பர். ஜோகூரை ஊடறுத்துச் செல்லும் இரயில்பாதை 1909இல் நிறைவுற்றது. பாதையை ஒட்டி ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களோடு தமிழரும் பெருகினர். குளுவாங் இரயில் நிலையத்தின் புகழ்பெற்ற காப்பிக்கடை 1938இல் தொடங்கியது. இந்தியாவிலிருந்து உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயாவுக்குக் குடிபெயர்வதை இந்திய அரசு தடை செய்ததும் அதே 1938இல்தான். அதன்பின் இவ்வட்டாரத் தமிழர் வரலாறு பெரிதும் இம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் வரலாறாயிற்று. மெங்கிபோல், நியோர் முதலிய தோட்டப் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் நிலைபெற்றன. ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. தோட்டத்து மக்கள் நகரத்துக்கும், ஜோகூர் பாருவுக்கும், பாலம் கடந்து சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் போயினர்.

போனவர்களோடு ஒரு சொற்களஞ்சியமும் போயிற்று. அதிகாலையில் தொழிலாளர் வரிசையில் நின்று பெயர் கொடுத்த 'பெரட்டு', பால் வடிந்து நிரம்பிய 'மங்கு', சேர்த்த பாலைத் தோளில் சுமந்து வந்த 'காண்டா வாளி', கோட்டில் உறைந்து கிடந்த 'கோட்டுப்பால்', மங்கில் கட்டியாகிப் போன 'கட்டிப்பால்', தாய்மார் வேலைக்குச் சென்றபின் குழந்தைகள் வளர்ந்த 'ஆயாக்கொட்டகை' ஆகிய சொற்களை இன்றைய குளுவாங் மாணவர் எத்தனை பேர் அறிவர்? தமிழகத்து அகராதிகளில் இவற்றைத் தேடிப் பயனில்லை. ஆங்கிலேயத் தோட்ட நிருவாகத்தின் ஏடுகளில் விளைச்சல் கணக்கு உண்டு. கூலிக் கணக்கு உண்டு. தொழிலாளியின் சொல் இல்லை. அச்சொற்கள் முதியோர் நாவில் மட்டுமே உள்ளன. அவற்றை வெளிக்கொணரும் கருவி நேர்காணலே.

ஆனால் கருவி கூர்மையாக இருத்தல் வேண்டும். பால்மரம் வெட்டி வாழ்ந்த ஒரு மூதாட்டியின் முன் ஒலிவாங்கியை வைத்து, "தோட்ட வாழ்க்கை எப்படி இருந்தது?" என்று வினவினால், "கஷ்டந்தான் தம்பி" என்பதற்குமேல் விடை வாராது. அது அவர் குறையன்று, வினாவின் குறை. அத்தனை பெரிய வினாவுக்கு அவ்வளவு சிறிய விடையே பொருந்தும். மாறாக, "பெரட்டுக்குப் போக எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், பாட்டி? கைக்குழந்தையை யாரிடம் விட்டீர்கள்? மழை பெய்த நாளில் கூலி என்ன ஆயிற்று?" என்று ஒவ்வொன்றாக வினவிப் பார்க்கட்டும். வெயில் ஏறுமுன் மரம் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும் என்னும் தொழில்நுட்பம் அவ்விடையில் வரும். விடியுமுன் உறங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆயாக்கொட்டகைக்கு நடந்த தாயின் வாழ்வு வரும். மரப்பட்டை நனைந்தால் வேலை நின்று வருவாய் குறைந்த பொருளியலும் வரும். கூலியைப் பற்றிய வினா நாட்டு நடப்பு. ஆயாக்கொட்டகைத் தாலாட்டைப் பற்றிய வினா பண்பாடு. விடியற்காலைச் சமையலைப் பற்றிய வினா அன்றாட வாழ்வு. ஒலிபரப்பு நிலையம் நிகழ்ச்சி வசதிக்காகப் பிரித்து வைத்த மூன்றும் ஒரு மூதாட்டியின் ஒரு காலைப் பொழுதில் ஒன்றாகவே கிடக்கின்றன.

நாட்டு நடப்பு நேர்காணலுக்கும் இது பொருந்தும். தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் மாதம் 900 ரிங்கிட்டாக முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. 2025இல் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. இதுபற்றிப் பொருளியல் அறிஞரை வினவுதல் தேவையே. ஆயினும் அச்சம்பளத்தில் வீட்டு வாடகையும் பள்ளிப் பேருந்துக் கட்டணமும் கொடுத்தபின் எஞ்சுவது என்ன என்பதை அறிந்தவர், அதைப் பெறும் தொழிலாளியே. இருவரையும் ஒரே நிகழ்ச்சியில் சம மதிப்போடு வினவும் வானொலியே பொது வானொலி என்னும் பெயருக்கு உரியது. விளம்பர வருவாயை நம்பிய நிலையத்துக்குப் புகழ்பெற்றவர் வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் நிலையத்துக்குப் புகழ்பெறாதவரைத் தேடும் உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

தமிழாசிரியர்கள் சிந்திக்க வேண்டிய சிக்கல் ஒன்றும் இங்கே எழுகின்றது. ஒலிவாங்கியைக் கண்டதும் பலர் தம் இயல்பான பேச்சைக் கைவிட்டு, மேடைத்தமிழைத் தேடத் தொடங்குகின்றனர். தேடும் முயற்சியில் சொல்ல வந்த செய்தி நழுவிப்போகின்றது. செய்தியறிக்கை செந்தமிழில் இருத்தல் முறை, அதில் ஐயமில்லை. ஆனால் மங்கு என்று சொல்லப் பழகிய நாவைக் கிண்ணம் என்று சொல்ல வைப்பதால் தமிழ் வளராது. ஒரு சான்று அழியும். வினவுவோர் செந்தமிழில் வினவலாம். விடை கூறுவோர் தம் வீட்டுத் தமிழில் கூற இடந்தருவதே நாகரிகம்.

மக்களைத் தேடிச் சென்ற வானொலி அவர்தம் மொழியிலேயே இடம்பெற்றுவிடும் என்பதற்குத் தமிழகத்தில் ஒரு சான்று உண்டு. 1939இல் தொடங்கப்பெற்ற திருச்சி வானொலி நிலையம் 1960களின் பிற்பகுதியில் உழவர்க்கென ஒலிபரப்பிய நிகழ்ச்சிகள் தஞ்சை வட்டாரத்தில் ஏ.டி.டி. 27 என்னும் நெல் வகையைப் பரப்பின. உழவர் அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தனர்.

இத்தகைய பேச்சுகள் காற்றோடு போய்விடாமல் காப்பது அடுத்த கடமை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே அமைத்த 415 கிலோமீட்டர் நீள மரண இரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே துன்புற்ற மேலைநாட்டுப் போர்க்கைதிகள் நாட்குறிப்பு எழுதினர், நூல்கள் வெளியிட்டனர். தமிழ்த் தொழிலாளர் எழுதி வைத்தது மிக அரிது. அவர்களைப் பற்றி இன்று அறியக் கிடைப்பதில் பெரும்பகுதி, மீண்டு வந்தவர்களைப் பிற்காலத்தில் யாரோ வினவியதால் கிடைத்தது. வினவப்படாதவர்களின் வரலாறு அவர்களோடு முடிந்தது. சிங்கப்பூர் அரசு 1979இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவொன்றை நிறுவி, பல இன மக்களின் நினைவுகளை அவரவர் மொழியில் பதிவு செய்து ஆவணக் காப்பகத்தில் சேர்த்து வருகின்றது. ஒரு முறை ஒலிபரப்பப்படும் நேர்காணல் அன்றைய நேயர்க்கு மட்டும் உரியது. காக்கப்படும் நேர்காணல் பேரப்பிள்ளைகளுக்கும் உரியது.

இப்பணியை வானொலி நிலையம் மட்டுமே செய்ய வேண்டும் என்பதில்லை. முன்னர் நிலையத்திலிருந்து கனத்த பதிவுக் கருவியைச் சுமந்து வர வேண்டியிருந்தது; இன்று கைப்பேசியே பதிவுக் கருவி. குளுவாங் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றிலும் மாணவர் தத்தம் வீட்டு முதியவர் ஒருவரிடம், அவர் இசைவு பெற்று, பத்து வினாக்கள் வினவலாம். வினாக்கள் சிறியனவாய், பொருள்களின் பெயரையும் செயல்களின் முறையையும் கேட்பனவாய் இருத்தல் நன்று. பேசியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் குறித்து, ஒரு படியைப் பள்ளி நூலகத்தில் வைத்து, சிறந்தவற்றை வானொலிக்கு அனுப்பலாம். ஆயாக்கொட்டகையில் வளர்ந்த குழந்தைகளே இன்று பாட்டன் பாட்டியராகிவிட்டனர். அவர்களைப் பெற்றவர்களுள் எஞ்சியோர் மிகச் சிலர். அடுத்த பள்ளி விடுமுறைக்குள் அவர்களிடம் சென்று அமர்வது நல்லது.