கீழே 94, மாடியில 7

கீழ ஹால்ல நெட் பறக்கும். மாடி ரூம் கம்ப்யூட்டர்ல மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும். மாடி வச்ச பல வீடுகள்ல இந்தக் கதைதான். போன மாசம் எங்க வீட்ல இதை சரி பண்ணோம். டாக்டருக்கு எதுக்குய்யா இந்த வேலைன்னு கேக்காதீங்க, காரணம் இருக்கு. கொஞ்சம் பெரிய த்ரெட்.

அப்பாவுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடி ஸ்ட்ரோக். வலது கை, கால் பலவீனம். பேச்சு இன்னும் முழுசா திரும்பல. அம்மா இல்ல. எனக்கு கேஷுவாலிட்டி டியூட்டி, நைட் போனா மறுநாள்தான் வீடு. தங்கச்சி ஐடி வேலையை வீட்லேர்ந்தே பாக்குறா, மாடி ரூம்தான் அவ ஆபீஸ். கீழ உக்காந்தா டிவி சத்தம், பிசியோதெரபிஸ்ட், பாக்க வர்ற சொந்தக்காரங்கன்னு ஒரு கால் பேச முடியாது.

அதனால அப்பா ரூம்ல சின்னதா ஒரு கேமரா வச்சிருக்கோம். அவர் தானா எழுந்திருக்க முயற்சி பண்ணா மாடியில ஸ்கிரீன்ல பாத்துட்டு இறங்கி ஓடி வந்துடுவா. நெட் திக்கினா மீட்டிங்கும் போகும், அப்பாவும் ஸ்கிரீன்ல உறைஞ்சு நிப்பார்.

கிளையன்ட் கால் மூணாவது தடவை கட் ஆனதும் அவ டீம் லீட் சொல்லிட்டார், இந்த மாசக் கடைசிக்குள்ள நெட்டை சரி பண்ணுங்க, இல்லன்னா பெங்களூரு ஆபீஸுக்கு வந்துடுங்கன்னு. அவ என்கிட்ட புலம்பல. "அண்ணா, நான் போயிட்டா பகல்ல அப்பாவை யார் பாத்துப்பா?"ன்னு மட்டும் கேட்டா.

நெட் கம்பெனிக்கு போன் பண்ணா, 300 பிளானுக்கு மாறிக்கோங்க சார்னு அட்வைஸ். கடையில 9,000 ரூபாய்க்கு மெஷ் செட் எடுத்து வச்சாங்க. ரெண்டு பேருமே பேஷண்டைப் பாக்காம மருந்து எழுதுறவங்க. கை வரலன்னு வந்தவருக்கு உடனே கையில கட்டு போட்டா எப்படி? கோளாறு மூளையிலயா, கழுத்துலயா, கை நரம்புலயான்னு முதல்ல கண்டுபிடிக்கணும்.

அதே மாதிரி மூணு டெஸ்ட். காசு செலவு இல்ல, நீங்களும் பண்ணலாம்.

முதல்ல லேப்டாப்பை ரவுட்டர் பக்கத்துல கொண்டு போய் லேன் வயர்ல நேரா சொருகி ஸ்பீட் பாத்தேன். 100 பிளானுக்கு 94 எம்பிபிஎஸ். (நான் ஐந்தரை வருஷம் படிச்சது வேற எம்பிபிஎஸ்.) அப்போ வெளிய இருந்து வர்ற லைன்ல குறையே இல்ல. அதே லேப்டாப்பை மாடிக்கு எடுத்துட்டுப் போய் வைஃபையில பாத்தா 7, சில நேரம் 2. லேப்டாப்பும் தடுமாறுதுன்னா கம்ப்யூட்டர் மேல பழி இல்ல.

மூணாவதுதான் முக்கியமான டெஸ்ட். மாடியில இருந்து இன்டர்நெட்டை விட்டுட்டு ரவுட்டரை மட்டும் பிங் பண்ணிப் பாக்கணும். 192.168.1.1 மாதிரி ஒரு முகவரி ரவுட்டர் அடியில ஒட்டியிருக்கும். நல்ல கனெக்‌ஷன்னா சில மில்லி செகண்ட்ல பதில் வரும். எங்களுக்கு 300, 400, நடுவுல பதிலே இல்ல. வீட்டுக்குள்ளயே கீழேர்ந்து மேல சிக்னல் ஏறல. 300 பிளான் போட்டிருந்தா கீழ 300, மாடியில அதே 7தான்.

ஏன் ஏறல? நடுவுல இருக்கறது கான்கிரீட் தளம், உள்ள குறுக்கும் நெடுக்கும் கம்பி. ரவுட்டர் ஹால் மூலையில டிவிக்குப் பின்னாடி, பக்கத்துல இரும்பு பீரோ. மாடி ரூம் எதிர் மூலையில. சிக்னல் தளத்தை சாய்வா கடக்கணும், அப்போ கடக்கற கான்கிரீட்டோட தடிமன் இன்னும் கூடும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகம், ஆனா சுவரைக் கண்டா சுருண்டுடும். 2.4 கொஞ்சம் ஊடுருவும், ஆனா அக்கம்பக்கத்து வீடுங்க எல்லாம் அதுலதான் நெரிசல் பண்ணுது.

கடைக்காரர் ரிப்பீட்டரை ரெண்டு நாள் வச்சுப் பாருங்கன்னு குடுத்தார். மாடிப்படி திருப்பத்துல வச்சா 18 வந்தது. சாதா ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில வாங்கி அதுலயே திருப்பி அனுப்பும், வேகம் பாதியாகும். படம் பாக்க இது போதும். மீட்டிங்ல குரல் இன்னும் உடைஞ்சது. திருப்பிக் குடுத்துட்டோம். கரண்ட் வயர் வழியா நெட் அனுப்பற அடாப்டரும் இருக்கு. மாடியில முன்னாடி வாடகைக்கு ஆள் இருந்ததால அங்க தனி மீட்டர், அதை நம்ப முடியாது. மெஷ் நல்ல பொருள்தான், ஆனா அதுவும் அதே தளத்தைத்தான் தாண்டணும்.

கடைசியில பழைய வைத்தியம்: வயர். லேன் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் வேகம் குறையாம போகும், எங்களுக்குத் தேவைப்பட்டது 22 மீட்டர். சுவரை உடைக்கணுமேன்னு பயந்தா, மொட்டை மாடி டிஷ்லேர்ந்து டிவிக்கு வர்ற வயர் ஓட்டை ரெடியா இருந்தது! டிவி பக்கத்துலதானே ரவுட்டர். அதே வழியில வெளிச்சுவர்ல ஏத்தி, மாடி ஜன்னல் ஓரமா உள்ள இழுத்தாச்சு. எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டார். கூலியோட சேத்து 1,400 ரூபாய்.

மாடியில இப்போ 94. ரவுட்டர் பதில் 1 மில்லி செகண்ட். மாசக் கடைசி மீட்டிங் ரெண்டு மணி நேரம் ஓடிச்சு. பெங்களூரு பேச்சு அதுக்கப்புறம் வரல.

பண்ணப் போறவங்க கவனிக்க வேண்டியது: கேட்6 கேபிள் வாங்கும்போது சுத்த காப்பரான்னு கேளுங்க, அலுமினியத்து மேல செம்பு பூசினதும் அதே பேர்ல விக்குது. வெளிச்சுவர்னா வெயில் தாங்கற கருப்பு உறை போட்டது வேணும். வீட்டுக்குள்ள நுழையற இடத்துல வயரைக் கொஞ்சம் தொங்க விட்டு வளைச்சு ஏத்தினா மழைத் தண்ணி அங்கயே சொட்டிடும். கரண்ட் வயரோட சேத்துக் கட்டாதீங்க. இடி மின்னல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு முனையையும் கழட்டிடுங்க, ஐப்பசி கார்த்திகையில இதை மறக்காதீங்க.

மாடியில போனுக்கும் வைஃபை வேணும்னா பழைய ரவுட்டர் ஒண்ணு பரண்ல கிடக்கும். அதுல டிஹெச்சிபியை அணைச்சு, முகவரியை 192.168.1.2ன்னு மாத்தி, இந்த வயரை லேன் ஓட்டையில சொருகினா போதும்.

ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒண்ணும் போட்டுட்டோம். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கற அந்த நொடியில ரவுட்டர் அணைஞ்சு, திரும்ப வர ரெண்டு நிமிஷம் ஆகுது. அப்பா கட்டில்லேர்ந்து எழுந்து நிக்க அது போதும்.

சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க. இன்னிக்கு நைட் டியூட்டி, காலையில பதில் போடுறேன்.