திடல் திருந்திய கதை

ஆண்டு மலரில் தலைமையாசிரியர் எழுதும் கட்டுரை கல்வியின் மேன்மையைப் பற்றியே இருத்தல் வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, நம் பள்ளித் திடலைப் பற்றி எழுதத் துணிகின்றேன். மாணவச் செல்வங்களும் பெற்றோரும் தோட்டப் பெருமக்களும் பொறுத்தருள்க.

2022ஆம் ஆண்டு ஓட்டப் பயிற்சியின்போது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி திடலின் நடுவிலிருந்த பள்ளத்தில் கால் இடறி வீழ்ந்தாள். கணுக்கால் பிசகி மூன்று வாரம் பள்ளிக்கு வர இயலவில்லை. அப்பள்ளத்தை நான் நன்கறிவேன். நாள்தோறும் அதனைச் சுற்றிக்கொண்டு நடந்தவன் நான். அவளுடைய தந்தையார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று. அவ்வாண்டும் அடுத்த ஈராண்டும் நம் விளையாட்டுப் போட்டியை வேறொரு பள்ளியின் திடலில் இரவல் இடம் கேட்டு நடத்தினோம்.

நம் திடல் ஏறத்தாழ 70 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் உடையது. ஒரு மூலையில் லாலாங், மறு மூலையில் தொட்டாற்சுருங்கி, இடையிடையே வழுக்கைத் தலைபோல் வெறும் களிமண்; இதுதான் அதன் அன்றைய தோற்றம்.

2023ஆம் ஆண்டு அக்டோபரில் அதனைத் திருத்தப் புகுந்தேன். எவரையும் கலந்து பேசவில்லை. தோட்டத்தில் கிடந்த பழைய இரும்பு உருளையைக் கொணர்ந்து, மழையில் நனைந்திருந்த தரைமீது உருட்டச் செய்தேன். மேடுகள் மேடுகளாகவே நின்றன. களிமண் மட்டும் செங்கல்போல் இறுகிற்று. அதன்மேல் மூன்று அங்குலச் செம்மண் கொட்டி, விலைக்கு வாங்கிய புல்விதையைத் தூவினோம். மண்ணுக்கடியில் இருந்த நல்ல புல்லும் மூச்சுமுட்டி மாண்டது. விதையில் ஒரு பங்கு எறும்புக்கும் மற்றது மழைநீரோடு கால்வாய்க்கும் போயிற்று. எஞ்சி முளைத்தது ஜனவரி வெயிலில் காய்ந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் உணவு விற்று ஈட்டிய பணம் அது. கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குச் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கூட்டம் முடிந்ததும், களையெடுப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு மூதாட்டி என்னிடம் வந்தார். “ஐயா, இந்தப் புல்ல வெதைச்சா சரியா வராதுங்க. கொடியப் பிச்சு நடணும். கால்வாய் ஓரமா எவ்வளவு கெடக்குது பாருங்க” என்றார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு எவரும் கற்பிக்காத பாடம் அது.

அவர் சுட்டியது நர்சரிக்காரர்கள் ‘கவ் கிராஸ்’ என்று விற்கும் அகன்ற இலைப் புல்லை. மலாயில் ‘ரும்புட் பாரிட்’ என்பர். கால்வாய்ப் புல் என்பது பொருள். பால்மரத்தைப் போலவே இதுவும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து இங்கு வந்து வேரூன்றியது. புக்கிட் ஜாலில் தேசிய அரங்கிலும் முன்பு இதுவே இருந்தது. பின்னரே அதனை அகற்றிச் சோய்சியா வகைப் புல்லை இட்டனர். இப்புல்லின் கொடி தரையோடு படர்ந்து கணுதோறும் வேர்விடும். இரண்டு மூன்று கணு உள்ள துண்டை ஒரு சாண் இடைவெளியில் ஊன்றிக் காலால் மிதித்துவிட்டால் போதும்.

பள்ளங்களைக் கண்டுபிடிக்கக் கருவி தேடவில்லை. கெப்பாலா பத்தாஸ் என்னும் ஊர்ப்பெயரில் உள்ள ‘பாத்தாஸ்’ என்ற மலாய்ச் சொல்லுக்கு வரப்பு என்பது பொருள். வயலில் நீரைக் கட்டி மண்ணின் ஏற்றத்தாழ்வை அறிவது இவ்வட்டாரத்து உழவர்க்குப் பழகிய வேலை. நாங்களும் மழை விட்ட மறுநாள் காலையில் நீர் தேங்கிய இடமெல்லாம் குச்சி நட்டோம். நாற்பத்தொரு குச்சிகள்! நான் நினைத்திருந்தது பத்துப் பன்னிரண்டு.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் கணிதப் பாடம் திடலுக்கு இடம் பெயர்ந்தது. நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் ஆழமுள்ள பள்ளத்துக்கு 1.2 கன மீட்டர் மண் வேண்டும் என்று அவர்களே கணக்கிட்டனர். திடல் முழுவதும் ஒரு சென்டிமீட்டர் பரப்பினாலும் 31 கன மீட்டருக்கு மேல் ஆகும் என்றும் கண்டனர். நம்மிடம் இருந்த பணமோ இரண்டு லாரிக்கே போதுமானது. ஆகவே பள்ளங்களை மட்டும் தேர்ந்துகொண்டோம்.

2024ஆம் ஆண்டு ஏப்ரலில், மழை தொடங்கும் தறுவாயில், ஞாயிறுதோறும் கூட்டுப்பணி நடந்தது. செம்பனை வேலை முடித்துக் களைத்த கைகளோடு வந்தோர் பலர். லயத்தில் தங்கியிருக்கும் வங்காளதேசத் தொழிலாளர் இருவரும் தாமாகவே வந்து மண்வெட்டி எடுத்தனர். முதலில் தொட்டாற்சுருங்கியையும் லாலாங்கையும் கிழங்கோடு தோண்டினோம். இறுகிய தரையை முட்கரண்டியால் குத்தித் துளையிட்டோம். ஆழமான பள்ளங்களில் புல்தரையை மண்ணோடு வெட்டிப் பாய்போல் சுருட்டி, அடியில் மணல் கலந்த மண்ணிட்டு நிரப்பி, மீண்டும் விரித்தோம். ஆழமற்றவற்றில் புல்நுனி மறையாதபடி விரற்கடை அளவே தூவி, சில வாரம் கழித்து மீண்டும் தூவினோம். பழைய ஏணி ஒன்றைக் கயிறு கட்டி இழுத்ததே மண்ணைப் பரப்பும் கருவி. வழுக்கை இடங்களில் பாட்டியின் மேற்பார்வையில் பிள்ளைகள் கொடி நட்டனர். அவர் அதட்டிய அதட்டலில் நானும் இரண்டு வரிசையைப் பிடுங்கி மறுபடி நட்டேன்.

பின்னர்ப் பத்து வாரம் திடலில் எவரும் கால் வைக்கலாகாது என்றேன். பந்து விளையாட முடியாத ஆறாம் ஆண்டு மாணவர்கள் எனக்கு முறையீட்டுக் கடிதம் எழுதினர். இரண்டு ஒற்றுப்பிழையைத் திருத்தி, திறப்பு நாளைக் குறித்துத் திருப்பியனுப்பினேன். செப்டம்பருக்குள் கொடிகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன.

கொடி நட்ட அந்த ஆறாம் ஆண்டினர் விளையாட்டுப் போட்டியில் அத்திடலில் ஓடவில்லை. 2025ஆம் ஆண்டு ஜூலையில் நம் சொந்தத் திடலில் போட்டி நடந்தபோது, அவர்கள் இடைநிலைப்பள்ளி மாணவர்களாக எல்லைக்கோட்டருகே நின்று கைதட்டினர். 2022இல் கால் பிசகிய மாணவியும் வந்திருந்தாள். அவளுடைய தம்பி ஓட்டப் பந்தயத்தில் நான்காவதாக வந்தான். நடுப்பள்ளம் இருந்த இடத்தின்மீதே ஓடினான்.

வடக்குப்புறக் கோல் கம்பத்தருகே இன்னும் நீர் தேங்குகின்றது. அங்கே மூன்று குச்சிகள் நட்டு வைத்திருக்கின்றோம். பிள்ளைகள் அவற்றைப் பிடுங்காதிருக்கப் பெற்றோர் சொல்லிவைக்க வேண்டுகின்றேன். வரும் ஏப்ரலில் மண் வரும். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டு வருக.