மார்ச் மாதம் மட்டும் வேண்டாம்

போடிநாயக்கனூர்

அன்புள்ள கயல்விழிக்கு,

சித்தப்பா எழுதுவது. மார்ச் இரண்டாம் வாரம் ஆபீஸ் தோழிகளோடு குரங்கணி வழியாகக் கொழுக்குமலைக்கு ஏறப் போகிறாய் என்று அண்ணி போனில் சொன்னார்கள். நீ மலை ஏற ஆசைப்படுவதில் எனக்குச் சந்தோஷம்தான். அந்த மாதம் மட்டும் வேண்டாம், தாயி.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்தவர்கள் மலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதில் பல பேர் இப்போது உனக்கிருக்கிற வயசுப் பிள்ளைகள். ஹெலிகாப்டர் வருவதற்கு முன்பே ஊர்க்காரர்கள் ஏறிப் போய், போர்வையில் தூளி கட்டிச் சுமந்து இறக்கினார்கள். மகளிர் தினத்தையொட்டிக் கிளம்பி வந்த பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்பதை நினைத்தால் என் மனசு இன்றுவரை ஆறவில்லை.

மார்ச்சில் அந்தச் சரிவு முழுக்கப் புல் சருகாகக் கிடக்கும். கையில் கசக்கினால் தூளாகிவிடும். ஒரு பீடித்துண்டு போதும். சமவெளியில் எரிகிற தீயும் மலையில் எரிகிற தீயும் ஒன்றில்லை. கீழே எரியும்போதே அந்த அனல் மேலே நிற்கிற புல்லைக் காய வைத்துவிடும். மத்தியானமானால் காற்றும் பள்ளத்திலிருந்து மேல்நோக்கித்தான் வீசும். தீ மேலே ஏறும் அந்த வேகத்தைப் பழகிய ஆள்கூட ஓடி ஜெயிக்க முடியாது. அதனால் கீழே புகை தெரிந்தால் மேலே ஏறவே கூடாது. பக்கவாட்டில் விலகி வெறும் பாறைக்கோ, ஓடைக்கோ, ஏற்கெனவே எரிந்து கருகிய தரைக்கோ போய்விட வேண்டும். மூடிய பள்ளத்துக்குள் இறங்கினால் புகையே ஆளைச் சாய்த்துவிடும். நைலான் துணி உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும், பருத்தித் துணியே போட்டு வாருங்கள்.

வனத்துறை அனுமதி என்றால் வெறும் ரசீது என்று நினைக்காதே. எத்தனை பேர், எந்தப் பாதை என்று எழுதி வாங்குவதால்தான் ஆள் திரும்பாவிட்டால் தேடிப் போக முடிகிறது. 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு செய்தால் மலையில் பிறந்து வளர்ந்த பையன்களே வழிகாட்டியாக வருவார்கள். எந்தப் பக்கம் காற்று திரும்புகிறது, எங்கே யானை நின்றிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வேண்டாம் என்று சொன்ன இடத்தில் செல்ஃபிக்காகக்கூட ஒரு அடி வைக்காதே.

மழை ஓய்ந்து டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ வா. புல் பச்சையாக இருக்கும், ஓடையில் தண்ணீரும் இருக்கும். முதல் நாள் ராத்திரி எல்லோரும் நம் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம், சித்தி காலையில் கட்டுச்சோறு கட்டித் தருவாள். மேலே பாதி இடத்தில் சிக்னல் கிடைக்காது, அதனால் யார் யார் வருகிறீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடு. யாருக்காவது மூச்சு இரைப்பு இருந்தால் அதையும் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
சித்தப்பா