எலும்பு ஊறும் நேரம்

எங்கள் திசு ஆய்வுக்கூடத்துக்குத் தொழில் பழக வரும் பிள்ளைகளை நான் முதலில் பலேர்மோவின் கபோ சந்தைக்கு அனுப்புவேன். போர்த்தா கரீனி வாசலால் உள்ளே போனால் இறைச்சிக் கடைகள். கன்றின் கால் எலும்பில் ஒரு துண்டு வாங்கி வரச் சொல்வேன். நோயாளியின் எலும்பு ஒருமுறைதான் கிடைக்கும். கை பழக அதைத் தொடக்கூடாது.

எலும்பை அப்படியே மைக்ரோடோமில் வைத்தால் கத்தி பல்லுப்போகும். கல்சியத்தை இறக்கிய பிறகுதான் பாரஃபினில் பதித்து, நாலைந்து மைக்ரான் கனத்தில் சீவலாம். முதலில் 3 மில்லிமீட்டர் அளவில் மெல்லிய துண்டாக அறுங்கள். அறுத்த தூளைக் கழுவி எடுங்கள். மச்சைக்குள் அது அடைந்துகொண்டால் ஸ்லைடு பார்ப்பவருக்கு வீண் குழப்பம். ஃபார்மலின் நடுவரை இறங்கட்டும். அதற்கு முன் அமிலம் பட்டால் செல்கள் சிதைந்துவிடும்.

நைட்ரிக் அமிலம் வேகமானது, அதனாலேயே அதை எடுக்க நான் யோசிப்பேன். அன்றாட வேலைக்கு ஃபார்மிக் போதும். மரபணுச் சோதனை கேட்டிருந்தால் ஈ.டி.டி.ஏ.தான், வாரக்கணக்கில் ஊறும், ஊறட்டும். அமிலத்தில் அளவுக்கு மேல் கிடந்த எலும்பில் ஹீமாடாக்சிலின் சாயம் ஏறாது. உட்கருக்கள் மங்கி எல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும். செத்த எலும்பை நோயியல் வைத்தியர் அடையாளம் காண்பதே செல் இல்லாத வெற்றுக் குழிகளை வைத்துத்தான். எலும்பில் கிருமி பிடித்து அந்த இடம் செத்ததா, நம் அமிலம் தின்றதா என்று அவர் தடுமாறினால், அது நாம் உண்டாக்கிய நோய்.

எனக்குத் தொழில் பழக்கிய சிஞ்ஞோரா, கல்சியம் இறங்கிவிட்டதா என்று துண்டை ஊசியால் குத்திப் பார்க்க விடவே மாட்டார். குத்திய ஓட்டை ஸ்லைடில் நிற்கும். ஊறிய அமிலத்தில் கொஞ்சம் குழாயில் எடுத்து, அமோனியா விட்டு, அமோனியம் ஆக்சலேட் சேர்ப்பார். கறுப்புக் காகிதத்துக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பார். கலங்கினால் கல்சியம் இன்னும் வருகிறது. அமிலத்தை மாற்றி மறுபடி காத்திருக்க வேண்டும். தெளிவாக நின்றால்தான் துண்டைக் கழுவுவார். அவசர அறிக்கை கேட்டுத் தொலைபேசி அடித்தாலும் அந்தக் கை அசையாது.

சந்தை எலும்பைக் கார்போரண்டம் தாளில் தேய்த்தும் பழகுங்கள், அமிலமே வேண்டாம். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்ததும் குழிகள் காற்று நிரம்பிக் கறுப்பாகத் தெரியும். வளர்ந்த மனிதரின் கெட்டி எலும்பில் ஹேவர்சியன் கால்வாயைச் சுற்றி வளையம் வளையமாக ஆஸ்டியான்கள் இருக்கும். கன்றில் பெரும்பாலும் செங்கல் அடுக்கு. அதே சந்தையில் வாளோடு கிடக்கும் பெஷ்ஷே ஸ்பாதா என்ற வாள்மீனின் எலும்பையும் தேய்த்துப் பாருங்கள். செல் குழியே இருக்காது. ஒவ்வொரு பிள்ளையும் தான் ஏதோ கெடுத்துவிட்டதாகப் பயப்படும். அந்த மீனின் எலும்பே அப்படித்தான்.

இந்த ஊரில் வாழ்ந்து 1580இல் இறந்த உடற்கூற்று மருத்துவர் இங்கிராசியா, காதின் அங்கவடி எலும்பை நுண்ணோக்கி இல்லாத காலத்திலேயே கண்டவர். எலும்புகளைப் பற்றிய அவர் நூல் 1603இல் இங்கேதான் அச்சேறியது. சுமார் 3 மில்லிமீட்டர் எலும்பு அது. பொறுமையான கண் என்றால் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் இல்லை, காயம் லேசில் ஆறாது. சஃப்ரானின்-ஓ சாயத்தில் நல்ல மூட்டு ஆழ்ந்த சிவப்பு. தேய்ந்த மூட்டில் மேற்பரப்பு நார்நாராகக் கிழிந்து, சிவப்பு வெளிறியிருக்கும். நீண்ட அமில ஊறலும் அந்தச் சிவப்பைக் குறைக்கும், ஆகவே சோதிக்கும் துண்டோடு நல்ல துண்டு ஒன்றையும் சேர்த்தே ஊறவையுங்கள்.

எலும்பு மெலியும் நோயில் எலும்பு குறையும், இருக்கும் எலும்பின் தன்மை மாறாது. எலும்பு மென்மையாகும் நோய் வேறு: கல்சியம் ஏறாத பகுதி தடித்துவிடும். கல்சியத்தை இறக்கிவிட்டால் கல்சியம் ஏறிய பகுதிக்கும் ஏறாத பகுதிக்கும் வேறுபாடு தெரியாது. அப்படிப்பட்ட துண்டைக் கல்சியம் இறக்காமலே பிசினில் பதித்து, டங்ஸ்டன் கார்பைட் கத்தியால் சீவி, வான் கோசா சாயம் போட வேண்டும். கல்சியம் உள்ள இடம் கறுக்கும். விண்ணப்பத்தில் அந்தச் சந்தேகம் எழுதியிருந்தால் அமிலச் சாடியைத் திறக்குமுன் வைத்தியரைக் கேளுங்கள். இறக்கிய கல்சியத்தைத் திரும்ப ஏற்ற முடியாது.